முனீஸ்வரியும் மகளும், வாசல் வெளிச்சத்துல

ஆனி 15, ஞாயிறு

இன்னைக்கு இருந்தவுக: நான். மகன் செல்வம். மருமக லட்சுமி. மதுரை ஹாஸ்டல்ல இருந்து லீவுக்கு வந்த பேத்தி தேவி, செல்வத்து மக. அடுத்த வீட்டு முனீஸ்வரி. அவ மக யாழினி. சின்னப் பிள்ளைன்னு அவள விட்டுறக் கூடாது. இருந்தா. என் வெத்தலப் பையக் கவுத்துக் கொட்டுனா.

காத்து. வாயத் தொறந்தா மண்ணு. காயப்போட்ட சேலை பறந்து போயி கருவேலமரத்துல மாட்டிக்கிச்சு. முந்தியில கிழிசல்.

இந்த டைரி செல்வம் அச்சாபீஸ் லோடு இறக்கப் போன எடத்துல குடுத்தது. போன வருசத்து விக்காத சரக்கு. மேல அடிச்சிருக்கிற தேதி ஒத்து வராது, அடிச்சு விட்டுட்டுத் தமிழ்த் தேதி போட்டுக்கிறேன். மூணாங்கிளாஸ் எழுத்து. யாரு பாக்கப் போறா.

தேவிக்குக் காலேஜுல ஒரு வேலை குடுத்திருக்காக. சொந்த ஊர வெளியூர்க்காரி மாதிரி சுத்திப் பாத்து போட்டோ எடுத்துட்டு வரணுமாம். கண்காட்சி வைப்பாகளாம். நீயும் வா அப்பத்தா, நம்ம ரெண்டு பேரும் டூரிஸ்ட்டுன்னு சொல்லி அவ பழைய போன எங்கையில குடுத்துட்டா. பொத்தான் இல்ல. கண்ணாடியத் தொட்டாப் போதும்.

சிவகாசில பாக்க என்னம்மா இருக்குன்னு செல்வம் சிரிச்சான். லட்சுமி சிரிக்கல. மத்தியானக் குழம்புக்கு யாருன்னு மட்டும் கேட்டா. அவ கேட்டது குழம்பப் பத்தி இல்ல, எனக்குத் தெரியும்.

விஸ்வநத்தத்துல பஸ் ஏறி சிவகாசி பஸ் ஸ்டாண்டு. அங்கன இருந்து நடை. டீக்கடைக்காரன் எந்த ஊருன்னு கேட்டான். தேவி, நாங்க டூரிஸ்ட்ண்ணேன்னா. அவன் என்னய மேலயும் கீழயும் பாத்துட்டு, “ஆச்சியப் பாத்தா விஸ்வநத்தத்து டூரிஸ்ட் மாதிரில்ல இருக்கு”ன்னான். டீயில சீனி கம்மி. கேட்டு வாங்கிப் போட்டேன்.

எடுத்தது:
சிவன் கோவில் கோபுரம். பாதி. மீதி என் கட்டைவிரலு.
காலண்டர் கடை. சாமி படம் வரிசையா. முருகரு தலைகீழா.
அச்சாபீஸ் தெருவுல வெட்டிப் போட்ட பேப்பர்த் துண்டு, குமிச்சு வச்சது. கலர் கலரா. இது நல்லா வந்திருக்குன்னா தேவி.
மாடு.
தெய்வானை வீட்டு வாசக்கதவு. லட்சுமி வளைகாப்புல என்னயக் கடைசிப் பந்தியில உக்கார வச்சவ தெய்வானை. பாயசம் தீந்து போச்சுன்னு சொன்னா, உள்ள குண்டானோட இருந்துச்சு. வீட்டுக்குள்ள போகல. கதவ மட்டும் எடுத்துக்கிட்டேன். இன்னமும் அதே பச்சைப் பெயிண்டு.

வெளியூர்க்காரி மாதிரி பாக்கிறது எப்படிட்டின்னு கேட்டேன். தெரிஞ்சதத் தெரியாத மாதிரி பாரு அப்பத்தான்னா. பாத்தேன். வரல. எல்லாம் தெரிஞ்சதாவே இருக்கு.


ஆனி 16, திங்கள்

முட்டி வலி. தைலம்.

முனீஸ்வரி வந்து போட்டோ எல்லாம் பாத்தா. மாட்டப் பாத்துச் சிரிச்சா. எங்க மாமியா மாதிரியே முழிக்குது அத்தைன்னா. அப்புறம் எல்லாத்தையும் திரும்ப மொதல்ல இருந்து தள்ளித் தள்ளிப் பாத்தா. என்னன்னேன். அவளும் யாழினியும் சேந்தாப்புல ஒரு போட்டோ கூடக் கிடையாதாம். அவ வீட்டுக்காரன் கருப்பசாமி கேரளாவுல புரோட்டாக் கடையில நிக்கான். பிள்ளைய அனுப்பு, உன்னய அனுப்புன்னு கேக்கானாம். இவளே எடுத்தா மூஞ்சி பாதி, பிள்ள பாதி. நீங்க எடுங்க அத்தை, தேவி வேண்டாம், அவ எடுத்தா எனக்குக் கூச்சமா இருக்கும்ன்னா.

என்னயக் கேட்டா. எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிந்துச்சு.

புதன்கிழமைக்கு வச்சிருக்கு. அன்னைக்குத் தலை முழுகுவா.

முனீஸ்வரி பட்டாசுக் கம்பெனிக்குப் போறதில்ல. பிள்ளையப் பாத்துக்க ஆளில்ல. வீட்டு வேலதான். இந்தத் தெருவுல பாதி வீடு அப்படித்தான். செல்வம் லோடு ஆட்டோவுல பேப்பர்க் குழாய்க் கட்டு கொண்டாந்து போடுவான். கூடவே மூடி போட்ட வாளியும் எறக்குவான். வெறுங்குழாய் சுத்துறது வீட்டுல செய்யலாம், ஒருத்தரும் கேக்க மாட்டாக. குழாய்க்குள்ள மருந்து அடைக்கிறது கூடாது, அதுக்கு லைசென்ஸ் வாங்கின எடம் வேணும். வாளியில இருக்கிறது மருந்து. தெருவுக்கே தெரியும். சீசனுக்கு ஆர்டர் முடியலன்னா போர்மேன் மாரிமுத்து இப்படித்தான் வீட்டுக்கு அனுப்புவான். அடுப்பு ஒரு ரூம்பு, மருந்து ஒரு ரூம்பு. நடுவுல ஒரு சேலை தொங்கும்.

நான் செல்வத்துக்கிட்டச் சொல்லியிருக்கேன். வேற லோடு பாரேன்லேன்னு. அச்சாபீஸ் லோடு வாரத்துக்கு ஒண்ணு வந்தா அதிசயம்மான்னான். அதோட விட்டேன்.


ஆனி 17, செவ்வாய்

விருதுநகர். நான் பொறந்த ஊரு. டூரிஸ்ட்டாப் போனேன், என்னத்தச் சொல்ல.

பஸ்ஸுல உக்காந்தவ தோள்ல தூங்கி விழுந்தா. யாருன்னு தெரியாது. தூங்கட்டும்னு விட்டேன்.

தெப்பக்குளம். தண்ணி பச்சை. தேவி அதுல வானத்த எடுத்தா. நான் தேவிய எடுத்தேன். ஒரு பெரிய மனுசன் நின்னு பாத்துட்டு, எந்தூரு நீங்க, சினிமாக்காரவுகளான்னு கேட்டாரு. ஆமாய்யா, நான்தான் கதாநாயகின்னேன். தேவிக்குச் சிரிப்பு அடங்கல, குலுங்கின போட்டோவா எடுத்து வச்சிருக்கா.

மிளகா வத்தல் கிட்டங்கித் தெரு, வரிசையாக் குடோனு. தும்மல். எங்கம்மா காம்பு கிள்ளப் போன கிட்டங்கி இப்பக் கல்யாண மண்டபம். பக்கத்துக் கிட்டங்கில பொம்பளைக வட்டமா உக்காந்து காம்பு கிள்ளிக்கிட்டு இருந்தாக. சேப்புக் குமியலுக்கு நடுவுல. அம்புட்டு அழகு. தேவி எடுத்தா. அதுல ஒருத்தி வெடுக்குன்னு முந்தானைய இழுத்து மூஞ்சிய மூடிக்கிட்டா. எந்திரிச்சு வந்தா. என்னய அழிச்சிருங்க தாயி, வேலைக்கு வாரது வீட்டுக்குத் தெரியாதுன்னா. தேவி அவ கண்ணு முன்னாலயே அழிச்சா. அப்பவும் அவளுக்கு நம்பிக்க இல்ல. கூட உக்காந்திருந்தவகிட்ட என்னமோ சொல்லிக்கிட்டே எங்களப் பாத்தா.

முதலாளி உள்ள இருந்து சத்தம் போட்டான். எந்த டிப்பார்ட்மெண்டு நீங்கன்னு. டிப்பார்ட்மெண்டு இல்லய்யா, சுத்திப் பாக்க வந்தோம்ன்னேன். வத்தல் கிட்டங்கியச் சுத்திப் பாக்க வந்தீகளான்னு கணக்கப்பிள்ளைகிட்டச் சொல்லிச் சிரிச்சான். அவன் அப்பன எனக்குத் தெரியும். எங்கம்மாவ ‘ஏ’ன்னுதான் கூப்பிடுவான். பேரு வச்சுக் கூப்பிட்டதில்ல.

எண்ணெய்ப் புரோட்டா தின்னோம். தேவிக்கு ஒத்துக்கல.

ஸ்டேசன்ல ரயிலு வராத நேரம். வெறுந் தண்டவாளம். அத நான் எடுத்தேன். நேரா வந்திருக்கு. விரலு இல்ல.


ஆனி 18, புதன்

முனீஸ்வரி போட்டோ.

விடியல்ல இருந்து வீட்டத் தூத்தா. குழாய்க் கட்ட எல்லாம் சாக்குல கட்டி உள்ள தள்ளினா. வாளி ரெண்டையும் மூலைக்கு நகத்தி, மேல பழைய சேலை ஒண்ணப் போத்தி விட்டா. தேவி பின்னால என்ன தெரியணும், என்ன தெரியக் கூடாதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. அடுப்பு தெரியலாமாம். சாமி படம் தெரியணுமாம்.

முனீஸ்வரி கல்யாணச் சேலை. தலைக்கு மல்லிப்பூ. யாழினிக்குப் பவுடர், கண்ணு மை, நெத்தியில திட்டிப் பொட்டு. கை காலெல்லாம் சோப்புப் போட்டுத்தான் கழுவுனா, நான் பாத்தேன்.

வாசப்படியில உக்காந்தாக. வெளிச்சம் பக்கத்துல இருந்து வந்துச்சு. சிரிக்கச் சொன்னா முனீஸ்வரிக்கு வரல, பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தா. யாழினி தூங்குறாப்புல இருந்தா. உன் மாமியா மாதிரி முழிக்காத முனீஸ்வரின்னேன். கக்கக்கன்னு சிரிச்சு, யாழினி கன்னத்தப் பிடிச்சுக் கிள்ளுனா. பிள்ளயும் சிரிச்சிருச்சு. அப்பத் தொட்டேன்.

தேவி போன வாங்கிப் பாத்துட்டு அப்படியே நின்னா. அப்பத்தா, இது நீயா எடுத்தன்னா. எல்லாரும் வந்து பாத்தாக. லட்சுமி கூட, கம்பெனி விட்டு வந்ததும். செல்வம் மத்தியானம் சோத்துக்கு வந்தவன் வாங்கிப் பாத்தான். நல்லாருக்கும்மா, காலண்டர்ல போடலாம்ன்னான்.

கருப்பசாமிக்கு அனுப்பியாச்சு. போன் பண்ணி அழுதானாம்.

தேவி இத கண்காட்சிக்குக் கேட்டா. முனீஸ்வரி சரின்னா. மதுரையில நாலு பேரு பாத்தா என்ன அத்தை, நம்மள யாரு பாக்காங்கன்னா.


ஆனி 20, வெள்ளி

தேவி நேத்து மதுரைக்குப் போயிட்டா. இன்னைக்குப் போன். என் போட்டோ செவுத்துல வச்சிருக்காகளாம், கதவு ஒசரத்துக்கு. எல்லாரும் அங்கனதான் நிக்காகளாம். கம்ப்யூட்டர்லயும் போட்டிருக்காக, ஊருப் பேரோட. ‘முனீஸ்வரியும் மகளும், விஸ்வநத்தம். எடுத்தது அப்பத்தா பேச்சியம்மாள்.’ வாசிச்சுக் காட்டுனா. ரெண்டாந்தடவ வாசிக்கச் சொன்னேன்.

தெருவுல சொன்னேன். தெய்வானைக்கும் காதுல விழட்டும்னு அவ தங்கச்சிகிட்டயும் சொன்னேன்.

முட்டி வலி இல்ல.


ஆனி 23, திங்கள்

காத்து நின்னு போச்சு. புழுக்கம்.

தேவி போன் பண்ணுனா, காலையிலயே. குரலு சரியில்ல. எவனோ ஊரு பேரு தெரியாதவன் அந்தப் போட்டோவுக்குக் கீழ எழுதிட்டானாம். பிள்ள கன்னத்துல என்ன, அம்மா நகத்துல என்ன, சேலை போட்டு மூடியிருக்கிறது என்னன்னு. அதுக்குக் கீழ இன்னொருத்தன், இன்னொருத்தன். கலெக்டரு ஆபீசுக்கே அனுப்பியாச்சுன்னு ஒருத்தன் எழுதியிருக்கானாம். தேவி கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்துட்டா. எடுக்கிறதுக்குள்ள ஆயிரம் பேரு பாத்துட்டாகன்னா.

போன வாசலுக்குக் கொண்டு போயி, அவ சொன்ன மாதிரி ரெண்டு விரல வச்சு அகட்டிப் பாத்தேன்.

யாழினி கன்னத்துல வெள்ளியா ஒரு கோடு. முனீஸ்வரி கிள்ளுன எடம். அவ நகத்து இடுக்கெல்லாம் அதே வெள்ளி. அலுமினியப் பவுடர். சோப்புக்குப் போகாது அது. எங்கையிலயும் இருந்துச்சு ஒரு காலத்துல, பழையது திங்கும்போது தட்டுல மினுங்கும். செவுத்துலயும் இருக்கு, வெரலு வச்சு அப்புனாப்புல. சேலைக்கு அடியில வாளி வாய் தெரியுது.

நாங்க எல்லாரும் பாத்தோம். தேவி பாத்தா. லட்சுமி பாத்தா, அவளும் பட்டாசுக் கம்பெனிதான், சாயங்காலம் கை கழுவுற தொட்டியில இதே வெள்ளியத் தேய்க்கிறவ. வாளிய எறக்குன செல்வமே கையில வாங்கிப் பாத்தான். ஒருத்தருக்கும் தெரியல. இந்தப் பக்கத்துல அந்தக் கை இல்லாத பொம்பள ஏது. எவனோ ஒருத்தன், எங்கயோ உக்காந்திருந்தவனுக்கு, அது மட்டுந்தான் தெரிஞ்சிருக்கு.

முனீஸ்வரிகிட்டச் சொன்னேன். அவ கையத் தூக்கிப் பாத்துட்டு, கழுவுனேனே அத்தைன்னா. அப்புறம் பயந்துட்டா. செல்வம் வந்ததும் ஓடிப் போயி, அண்ணே, வாளிய இப்பவே எடுத்துட்டுப் போயிருங்கன்னா. அவன் போர்மேனுக்குப் போன் போட்டுப் பேசுனான். வியாழக்கிழமை லோடு இருக்காம், அப்ப எடுத்துக்கிறலாமாம். அது வரைக்கும் ஒண்ணும் ஆகாதாம். முனீஸ்வரி என்னயப் பாத்தா. நான் செல்வத்தப் பாத்தேன். அவன் டயருக்குக் காத்துப் போதுமான்னு மிதிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தான்.


ஆனி 25, புதன்

வந்துட்டாக.

வந்தவுக: தாசில்தாரு. வி.ஏ.ஓ. போலீசு, அதுல ரெண்டு பொம்பளப் போலீசு. போட்டோ எடுக்க ஒருத்தன். அவன் போனும் என் போன் மாதிரிதான்.

தெருவுல மத்த வீட்டுக்கெல்லாம் எப்படித் தெரிஞ்சதுன்னு தெரியல. தெரிஞ்சிருந்துச்சு. எல்லா வீட்டு வாசல்லயும் வெறுங்குழாய் மட்டும் காயுது. முனீஸ்வரி வீட்டுல மட்டும் வாளி. கையில போட்டோவ வச்சுக்கிட்டே வந்தாக, நேரா அந்த வாசலுக்கு. சாமி படத்த வச்சு அடையாளம் பாத்தாக.

யாரு குடுத்தான்னு கேட்டாக. முனீஸ்வரி வாயத் தொறக்கல. கூட்டத்துல செல்வத்தத் தேடுனா. கண்டுபிடிச்சா. பாத்துக்கிட்டே இருந்தா. அவன் பக்கத்துல போர்மேன் மாரிமுத்து, வெள்ளைச் சட்டை, வேடிக்க பாக்க வந்தவன் மாதிரி.

சாமான எடுத்ததுக்குப் பேப்பர் எழுதுனாக. உள்ளூர்ச் சாட்சி ரெண்டு பேரு கையெழுத்துப் போடணுமாம். ஒருத்தரும் வரல. வி.ஏ.ஓ. சத்தமா வாசிச்சாரு: இந்தப் பொம்பள தானாவே எங்கயோ வாங்கி, தானாவே வீட்டுல வச்சு, தானாவே செஞ்சுக்கிட்டு இருந்தா. மாரிமுத்து செல்வத்து முதுகுல லேசாத் தட்டுனான். செல்வம் போனான். குனிஞ்சான். போட்டான். ரெண்டாவது மாரிமுத்தே போட்டான்.

எங்க வீட்டுக்காரருக்குக் கை வெந்தப்ப, பீடி குடிச்சாரு, அதான் பத்திக்கிச்சுன்னு கம்பெனியில எழுதுனாக. அவரு பீடியத் தொட்டவரே இல்ல. தெரிஞ்சுக்கிட்டே சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் சோலையப்பன், கூட வேல பாத்தவன், எங்க வீட்டுல கை நனைச்சவன். அவன் செத்தப்ப நான் போகல. பொணம் எங்க வாசலத் தாண்டித்தான் போச்சு. கதவச் சாத்துனேன். இதெல்லாம் செல்வத்துக்குத் தெரியும். சோத்தோட சேத்து ஊட்டியிருக்கேன்.

முனீஸ்வரிய ஜீப்புல ஏத்துனாக. ஏறும்போது யாழினிய எங்கையில குடுத்தா. குடுக்கும்போதும் கையில அந்த வெள்ளி. என் ஜாக்கெட்டுல ஒட்டிக்கிச்சு.


ஆனி 26, வியாழன்

யாழினி எங்கூட. ராத்திரி எந்திரிச்சு அம்மாவக் கேக்கல. காலையில கேட்டா. அப்பாவப் பாக்கப் போயிருக்கான்னு சொன்னேன். என்னயக் கூட்டிட்டுப் போகாமயான்னா.

முனீஸ்வரிய மதுரை ஜெயிலுக்கு ரிமாண்டு.

செல்வத்துக்கிட்டக் கேட்டேன். ஏன்லே போட்டன்னேன். தலைய ஆட்டிக்கிட்டே சோறு தின்னான். அவன் போடலன்னா வண்டி யாருதுன்னு தோண்டுவாகளாம். அவன் உள்ள போனா தேவி படிப்பு போச்சாம். மாரிமுத்து வக்கீல் வச்சு முனீஸ்வரிய ஜாமீன்ல எடுத்துருவானாம், அவ வாயத் தொறக்காம இருந்தாப் போதுமாம். அவளுக்கும் சொல்லியாச்சாம்.

நான் பேசப் பேச லட்சுமி வந்தா. இந்த வீட்டுக்கு வந்ததுல இருந்து அவ என் மூஞ்சிக்கு நேரப் பேசுனதில்ல. இன்னைக்குப் பேசுனா.

“போட்டோ எடுத்தது யாரு? இப்ப உங்க மகனையும் உள்ள போடச் சொல்றீகளா?”

வெத்தல போட்டேன். கசந்துச்சு.

தேவி போன். அழுதுக்கிட்டே இருந்தா. அவளுக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு, எப்படியோ. வக்கீலுக்குப் படிக்கிற பிள்ளைக கூட இருக்காளே, கேட்டிருக்கா. இன்னார் கொண்டாந்து குடுத்தாக, இன்னார் வேல வாங்குனாகன்னு சாட்சி வந்தா முனீஸ்வரி வெறுங்கூலிக்காரி, சீக்கிரம் வெளிய வந்துருவாளாம். ஒருத்தரும் சொல்லலன்னா எல்லாம் அவ தலையில. வருசக் கணக்காக் கூட ஆகுமாம்.

நீ சொல்லு அப்பத்தான்னா. அப்பாவுக்கு என்ன ஆனாலும் ஆகட்டும், நீ சொல்லு. உனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும்.

யாழினி அவ அம்மா போட்டோவ என் போன்ல தொட்டுத் தொட்டுப் பாக்கா. பெருசாகுது, சின்னதாகுது.


ஆனி 27, வெள்ளி

அக்கம் பக்கத்து ஆளுகள ஸ்டேசனுக்கு வரச் சொன்னாக. குளிச்சு, விபூதி வச்சு, சொல்லணும்னுதான் கெளம்புனேன். போற வழியெல்லாம் வரிசையா மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே போனேன்.

செல்வந்தான் ஆட்டோவுல கூட்டிட்டுப் போனான். அதே ஆட்டோ. என்ன சொல்லப் போறன்னு ஒரு வார்த்த கேக்கல. ஸ்பீடு பிரேக்கர்ல எல்லாம் மெதுவா ஏத்தி எறக்குனான், என் முட்டிக்காக.

பொம்பள எஸ்.ஐ. நல்ல பிள்ள. சேர் போடச் சொன்னா. தண்ணி குடுத்தா. எனக்கு முன்னால வந்த தெருவுப் பொம்பளைக எல்லாம் தெரியாது, பாக்கலன்னு சொல்லிட்டுப் போயிட்டாகளாம். நீங்க அடுத்த வீடு, உங்களுக்குத் தெரியாம இருக்காதுன்னா.

“பாட்டி, அந்த வீட்டுக்கு வாளி யார் வண்டில வரும்?”

செல்வம் கதவோரமா நின்னான். மாரிமுத்து வெளிய டீக்கடையில. செல்வம் மூஞ்சியப் பாத்தேன். மூணாங்கிளாசுல பிரம்பு வாங்கப் போறப்ப நிப்பானே, உள்ளங்கைய டவுசர்ல தொடச்சுக்கிட்டு, அப்படி நின்னான். வேணாம்னும் சொல்லல, சொல்லுன்னும் சொல்லல. எந்தலையில விட்டுட்டான்.

வாளி சேப்பு மூடி. ஒரு மூடியில உடைஞ்ச வாய்க்குக் கம்பி வச்சுக் கட்டியிருக்கும். மொதத் தடவ வந்தது பங்குனிப் பொங்கலுக்கு மறுவாரம். அன்னைக்கு வண்டி கயிறு அவுந்து குழாய்க் கட்டு ரோட்டுல சிதறுச்சு, நானும் பொறுக்கிக் குடுத்தேன். முனீஸ்வரி மருந்து வேண்டாம்ண்ணே, பிள்ள இருக்கு, குழாய் மட்டும் போடுங்கன்னா. ரெண்டும் சேந்துதான் போர்மேன் தருவாரு, வேண்டாம்ன்னா குழாயும் கிடையாதுன்னு செல்வம் சொன்னான். நான் வாசல்ல உக்காந்து கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தேன். அரைக்கீரை.

எல்லாம் வாய் வரைக்கும் வந்துச்சு.

“வயசாயிருச்சு தாயி. ஒண்ணும் ஞாபகம் இல்ல.”

எஸ்.ஐ. பேனாவ எடுத்தா. எழுதிக்கிட்டா. சரி பாட்டி, போங்கன்னா.

வெளிய வந்ததும் செல்வம் காப்பி வாங்கிக் குடுத்தான். குடிச்சேன். குடிச்சதும் உண்மைதான், எழுதி வைக்கிறேன்.


ஆனி 28, சனி

எழுத ஒண்ணும் இல்ல. தேவி போன் வந்துச்சு. எடுக்கல.

யாழினிக்குத் தலை வாரி விட்டேன். பேன்.

தெருவுல எல்லா வீட்டுலயும் குழாய் சுத்துறாக. என்னயப் பாத்தா கதவ ஒருக்களிச்சுச் சாத்துறாக. போட்டோக்காரப் பாட்டி போகுதுன்னு ஒருத்தி சொன்னது காதுல விழுந்துச்சு. யாருன்னு தெரியும்.


ஆனி 29, ஞாயிறு

கருப்பசாமி வந்தான். கேரளாவுல இருந்து நேரா மதுரைக்குப் போயி, ஜெயில்ல முனீஸ்வரியப் பாத்துட்டு வந்திருக்கான். சட்டையெல்லாம் கசங்கி. யாழினி அவனக் கண்டதும் என் பின்னால ஒளிஞ்சுக்கிச்சு. அப்புறம் போச்சு.

பிள்ளைய எம். புதுப்பட்டியில அவனப் பெத்த அம்மாகிட்ட விடப் போறானாம். சாமானெல்லாம் எடுத்துக்கிட்டான். சாமி படத்த மறந்துட்டுத் திரும்பி வந்து எடுத்தான்.

அவன் சண்டைக்கு வருவான்னு நெனச்சேன். போட்டோவப் பத்திக் கேப்பான்னு நெனச்சேன். கும்பிட்டான். குனிஞ்சு என் காலத் தொட்டான். இம்புட்டு நாளும் பிள்ளயப் பட்டினி போடாம வச்சிருந்தீகளேன்னான். முனீஸ்வரி சொல்லி விட்டது ஒண்ணு இருக்குன்னான். அவ வக்கீல்கிட்டக் கூட வாயத் தொறக்கலையாம், போர்மேன் ஆளு போயி மெரட்டியிருக்கான், புருசனையும் சேத்து உள்ள போட்டுருவோம்னு.

“கவலப்படாதீகன்னு சொன்னா அத்தை. அடுத்த வீட்டு அத்தை ஸ்டேசன்ல உள்ளதச் சொல்லியிருப்பாக, அவுக எதையும் மறக்க மாட்டாகன்னு சொன்னா.”

அவனுக்கு ஸ்டேசன்ல நடந்தது தெரியாது. நான் சொல்லல. தண்ணி வேணுமான்னு கேட்டேன்.

செல்வம் வந்து நின்னான். வாங்க மாப்ள, பஸ் ஸ்டாண்டுல விட்டுர்றேன்னு பையத் தூக்கி ஆட்டோவுல வச்சான். கருப்பசாமி அவனையும் கும்பிட்டான். யாழினி முன்னாடி உக்காரணும்னு அடம் பிடிச்சா. செல்வம் தூக்கி மடியில வச்சு, ஹாரன அமுக்க விட்டான். அமுக்கிக்கிட்டே போச்சு பிள்ள, தெரு முனை வரைக்கும்.

உள்ள வந்து போன எடுத்து அந்தப் போட்டோவ அழிக்கலாம்னு பாத்தேன். எப்படி அழிக்கன்னு தேவி சொல்லித் தரல.

மத்தியானம் செல்வம் சோத்துக்கு உக்காந்தான். போட்டேன். கத்திரிக்காக் குழம்பு, அவனுக்குப் புடிக்கும். எம்மேல கோவமாம்மான்னான். குழம்பு ஊத்துனேன். போதும்மாங்கிற வரைக்கும் ஊத்துனேன். தின்னுட்டுக் கையக் கழுவிட்டு லோடு இருக்குன்னு போயிட்டான்.

லட்சுமி கேட்டது நியாயம். தேவி பச்சப்பிள்ள. மாரிமுத்துவுக்கு நான் யாரோ, முனீஸ்வரி யாரோ. ஆனா கதவோரமா நின்னு, நான் பொய் சொல்றதக் காதால கேட்டு, எனக்குக் காப்பி வாங்கிக் குடுத்தானே ஒருத்தன், கட்டையில போற வரைக்கும் மன்னிக்க மாட்டேன், நான் பெத்த செல்வத்த.